பின்பலகையில் உட்கார்ந்தவள்

குன்னூர் மார்க்கெட்டில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் விற்கிற பெண்பிள்ளைக்குப் படகு எதற்கு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வீட்டுக்காரர் கேட்டார். பக்கத்து பேக்கரிக்காரர் வர்க்கியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, மழை பேஞ்சா நம்ம ரோடே ஆறாத்தான ஓடுதுங்க, அதுல வுடறதுக்கா?" என்று சிரிக்க வேறு செய்தார். எனக்கு வேண்டும், அதனால் வாங்குகிறேன் என்றேன். ஐம்பது வயது ஆண்பிள்ளை புல்லட் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை.

காரணம் இருக்கத்தான் செய்தது. எங்களுக்குக் கீழே கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் சொந்தக்காரர்கள் அதிகம். சீசன் வந்தால் எல்லாருக்கும் எங்கள் ஞாபகமும் வந்துவிடும். வந்தவர்களை ஊட்டி ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றாமல் திருப்பி அனுப்பினால் அது பெரிய குறையாகிவிடும். இப்படி நான் ஏறாத படகு இல்லை. ஆனால் ஏறிய ஒவ்வொரு முறையும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். துடுப்பு யாராவது ஒரு ஆண்பிள்ளை கையில் இருந்தது. ஒருமுறை துடுப்புப் போடுகிறவரிடம், சித்தநேரம் கொடுங்கள், நானும் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன். "ஆடாம உக்காருங்கம்மா, கவுந்துரும்" என்றார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, நானும் இதைத்தான் தினமும் சொல்கிறேன் என்பதுபோலத் தலையாட்டினார். அன்று மனதில் விழுந்த முடிச்சு இது.

இதைப் புரிந்துகொண்டவள் ஒருத்திதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கோத்தகிரி ரோட்டில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது மார்க்கெட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால் முதலில் என் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு, அதில் அவளைத் தவிர யாரையும் உட்காரவிட மாட்டேன். என் கல்யாணச் சண்டை, மாமியார் சண்டை, பையன் படிப்பு எல்லாமே அந்த ஸ்டூலுக்குத் தெரியும். இப்போது அதன்மேல் நூல் பண்டல்களை அடுக்கிவைத்திருக்கிறேன். வருகிறவர்கள் உட்கார இடம் இல்லையா என்று கேட்டால் இல்லை என்கிறேன்.

படகு வாங்கலாம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லாம் என் ஆசை, என் பிடிவாதம் என்று ஆகிவிட்டது. ஒருநாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "எங்க தோட்டத்துக் குளம் சும்மாதான புள்ள கெடக்குது. ஒரு படகு வாங்கி வுட்டா என்ன? நீயும் நானும் ஆளுக்குப் பாதி" என்றாள்.

நான் டீயைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் எனக்கு அப்படி ஒன்றை அதற்கு முன் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு கடையில் நூல் விற்றேனோ இல்லையோ, செல்போனில் படகு பார்த்தேன். எந்தப் படகு எதற்கு ஆகும், எது எந்தத் தண்ணீரில் நிற்கும், துடுப்பு எத்தனை நீளம் இருக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் படித்தேன். பரிசல் வேண்டாம், அது போகச் சொன்னால் சுற்றும். காலை உள்ளே நீட்டி உட்காருகிற குறுகல் படகு வேண்டாம், உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க என் முட்டி ஒத்துழைக்காது. காற்றடைக்கிற படகு மலிவு, மடித்துப் பையில் வைத்துவிடலாம், அவள் அதைக் கேட்டாள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டுவதற்குள் தலையணை மாதிரி உப்புவதை நாங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். கீழே காற்றடித்து யாராவது லாரியில் ஏற்றிவிட்டால் குன்னூர் வருவதற்குள் வெடித்துவிடும் என்றேன். சிரித்தாள். பிறகு அன்னப்பறவை மூஞ்சி வைத்த பெடல் படகு என்ன விலை என்று விசாரிக்கச் சொன்னாள். நான் முறைத்ததும் விட்டுவிட்டாள்.

கடைசியில் சாதாரணத் துடுப்புப் படகு என்று முடிவானது. கொச்சிப் பக்கம் ஃபைபர் படகு செய்கிற பட்டறை ஒன்று இருப்பதாக அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு விடுமுறை நாள் பார்த்து இரண்டு பேரும் கிளம்பினோம். கோயமுத்தூரில் ரயில் ஏறியபோது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூர் போனது அதுதான் முதல் தடவை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு கால்வாய். தென்னை ஓலைத் தடுப்புக்குக் கீழே படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததுமே ஒன்றைப் பார்த்துவிட்டேன். கரும்பச்சை நிறம். நீளமாக, ஒடிசலாக, இரண்டே பலகையோடு இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் மூன்று இழுப்பு தூரம் போகும் என்று தெரிந்தது. பட்டறைக்காரர் வயதானவர், தமிழ் கலந்து பேசினார். "சேச்சிக்குக் கண்ணு உண்டு. இது ரெண்டு பேர்க்குச் சரியான அளவு" என்றார்.

அவள் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. மூலையில் கிடந்த வேறொன்றின் பக்கத்தில் போய் நின்றாள். ஆரஞ்சு நிறம், தட்டை அடி, அகல உடம்பு. பலகைகள் நிறைய, நாலு பேர் கால் நீட்டி உட்காரலாம்.

"அது டூரிஸ்ட் போட் ஆணு சேச்சி" என்றார் அவர்.

"நாங்களும் டூரிஸ்ட்டுதான" என்றாள். மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ரெண்டு பேருக்கு நாலு பேர் பலகை எதற்கு என்று கேட்டேன். "உன்ற பச்சைப் படகு லேசுபாசா ஆடுனாக் கவுந்துக்கும் புள்ள. நம்ம குளத்துல அடியெல்லாம் சேறு. அகலமா இருந்தாத்தான் பயமில்லே." இந்த ஆரஞ்சு கண்ணைக் குத்துகிறதே என்றேன். மூடுபனியில் தெரிய வேண்டாமா என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. லைஃப் ஜாக்கெட் எடுக்கும்போது பெரியவர்கள் அளவில் நாலும் குழந்தைகள் அளவில் இரண்டும் எடுத்தாள். "பேரன் பேத்தி வந்தா ஆகும்" என்றாள். என் பையனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, அவள் பையனுக்கும் ஆகவில்லை. அடேயப்பா, எவ்வளவு முன்யோசனை என்று கேலி செய்தேனே தவிர, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குளம் அவளுடையது, பயம் அவளுடையது, போகட்டும் என்று பச்சைப் படகை விட்டுக்கொடுத்தேன்.

பட்டறைக்காரர் ஆரஞ்சுப் படகைக் கால்வாயில் இறக்கி எனக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. துடுப்புப் போடுகிறவள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். வந்த வழிதான் கண்ணுக்குத் தெரியும். போகிற வழி, எதிரே பின்பலகையில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்லச் சொல்ல இவள் இழுக்க வேண்டும். ஊட்டி ஏரியில் அத்தனை தடவை உட்கார்ந்தும் நான் இதைக் கவனித்ததில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "திரும்பண்டா சேச்சி. கூட்டுக்காரி சொல்லும்" என்றார் அவர்.

"நீ போடு புள்ள, நான் வழி சொல்றேன்" என்று அவள் பின்பலகையில் உட்கார்ந்துகொண்டாள். கடைசிவரைக்கும் அந்த இடத்தைவிட்டு அவள் எழுந்திருக்கவேயில்லை.

படகு ஒரு வேனில் மேட்டுப்பாளையம் வந்தது. அங்கிருந்து மேலே கொண்டுவர அவள் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்தார். தினமும் முட்டைக்கோசும் கேரட்டும் மண்டிக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகள் உண்டல்லவா, அதில் ஒன்றில் ஏற்றிக் கட்டி அனுப்பினார்கள். வளைவுக்கு வளைவு பின்னால் வந்த காரெல்லாம் ஹாரன் அடித்ததாம். வந்து இறங்கியபோது எங்கள் படகில் அழுகிய கோசு நாற்றம் அடித்தது. இரண்டு பேரும் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம்.

புது வண்டி என்றால் பூஜை போட்டுச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தானே எடுப்போம். படகுக்குச் சக்கரம் இல்லை. பழத்தை எங்கே வைப்பது என்று நாங்கள் கரையில் நின்று பட்ட பாடு இருக்கிறதே. மூக்குக்கு அடியில் வை என்றாள் அவள். தண்ணீரில் மிதக்கும், நசுங்காது என்றேன் நான். கடைசியில் கரையிலேயே அடியில் வைத்துவிட்டு, தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் கைபிடிக்கத் தள்ளினோம். பழம் நசுங்காமல் உருண்டு குளத்தில் விழுந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மட்டும் சாமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு வாராவாரம் கடைக்கு விடுமுறை விட்ட அன்று காலையிலேயே பஸ் ஏறிவிடுவேன். சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் போவேன், ஆனாலும் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குளத்தை நான் சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு, நடுவே பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், முழங்கை மடித்த மாதிரி ஒரு வளைவு. ஒரு பக்கம் தூரத்தில் ஃபேக்டரிக் கூரை தெரியும், மறுபக்கம் சின்னச் சோலை. அவ்வளவுதான். ஆனால் அங்கே துடுப்பு என் கையில் இருந்தது. ஆடாமல் உட்கார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வாரம் முழுக்க நூல்கண்டுகளுக்கு நடுவே நிற்கிற நான் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினேன்.

இடது வலது சொல்வதில் எங்களுக்குக் குழப்பம் வந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருப்பதால் அவள் இடது எனக்கு வலது. அதனால் ஃபேக்டரிப் பக்கம், சோலைப் பக்கம் என்று வைத்துக்கொண்டோம். "கொஞ்சம் சோலைப் பக்கம்" என்பாள், நான் இழுப்பேன். "போதும், நேரே" என்பாள், நேரே போவேன். கழுத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டேன். என் கண்ணுக்கு எதிரே அவள் முகமும் அவளுக்குப் பின்னால் தள்ளித் தள்ளிப் போகிற கரையும்தான்.

ஒருநாள் துடுப்பை எடுத்துப் போடுகிற நேரத்தில் அவள் முகம் மாறியது. "நிறுத்து" என்றாள், உதட்டைக்கூட அசைக்காமல். "திரும்பாத. உன்ற பின்னால கரையில காட்டெருமை. மூணு நிக்குது. ஒண்ணு நம்மளையே பாக்குது." துடுப்பில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முதுகெல்லாம் கூசியது. நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து, "போயிருச்சு" என்றாள். மூச்சு விட்டேன். இவள் எதிரே உட்கார்ந்திருக்கிறவரைக்கும் எனக்கு முதுகில் கண் வேண்டாம் என்று அன்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அவள் குனிந்து லைஃப் ஜாக்கெட் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் மட்டும் நாங்கள் போனதே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதை நெருங்கும்போது, "திருப்பு புள்ள, அங்கிட்டெல்லாம் சேறு. கொடி வேற கெடக்குது, துடுப்புல சுத்திக்கும்" என்பாள். திருப்பிவிடுவேன். அவள் பார்க்கிறாள், அவள் சொல்கிறாள், நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

திரும்பி வரும்போது செல்போனை எடுத்து என்னைப் படம் பிடிப்பாள். சிரி என்பாள், சிரிப்பேன். ஸ்வெட்டருக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட், காதுவரை குல்லா, வாயெல்லாம் பல். ஒரு படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். அதைக் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

சீசன் வந்தது. எனக்குக் கடையில் நிற்க நேரமில்லை, அந்த மாதங்களில் விடுமுறையும் விடுவதில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு போன் பண்ணினேன். படகுக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த வாரம் வீட்டில் விருந்தாளி என்றாள். அதற்கடுத்த வாரம் மழை, குளத்தில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது என்றாள். மார்க்கெட்டுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். உடம்புக்கு ஏதாவது இருக்குமோ, என்னிடம் மறைக்கிறாளோ என்று நான் கவலைப்பட்டேன். அவளுக்காகக் கோயிலில் விளக்குகூடப் போட்டேன். நல்லவேளை, அதை அவளிடம் சொல்லவில்லை.

கோத்தகிரியில் ஒரு சீமந்தத்துக்குப் போகும்போதுதான் பார்த்தேன். பஸ் ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு போர்டு. தேயிலைச் சரிவு, குளம், ஆரஞ்சுப் படகு. படகில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நான். கீழே, 'இயற்கையின் மடியில் தங்க வாருங்கள். தங்குவோருக்குப் படகுச் சவாரி உண்டு' என்று எழுதி, குளத்துக்கு இறங்குகிற வழிக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, அது உங்களாட்டவே இருக்குதுங்க."

"இல்லீங்க, அது யாரோ" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். சீமந்தத்துக்கு வாங்கிய வளையல் பொட்டலம் கையில் இருந்தது.

குளத்துக்கு இறங்குகிற மண்பாதையில் இப்போது கல் பாவியிருந்தார்கள். வாசலில் கம்பிக் கதவு, அங்கேயும் அதே படம் சிறிய அளவில். யூனிஃபார்ம் போட்ட காவல்காரர் எழுந்து வந்தார்.

"எந்த ரூம்ங்கம்மா?"

"ரூம் இல்லீங்க. படகு பாக்கோணும்."

"படகு இங்க தங்கறவங்களுக்கு மட்டுந்தானுங்க."

"இந்தப் படத்துல இருக்கறது யாருன்னு தெரியுமுங்களா?"

அவர் திரும்பிப் படத்தை நன்றாகப் பார்த்தார். நல்ல மனிதர், தெரியாமல் சொல்லிவிடக் கூடாது என்று யோசித்தே சொன்னார். "தெரியலீங்களேம்மா. யாராச்சும் நடிகையா இருக்கும்ங்க."

வேறு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி நான் ஒரு மாதம் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு அவள் மேலே வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் படியில் நின்றுவிட்டாள். பிறகு காவல்காரரிடம், "நம்மவங்கதான், வுடுங்க" என்றாள். நம்மவங்க. அந்த வார்த்தைதான் என்னை முதலில் சுட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு உள்ளே விடுவதற்கு அவள் சிபாரிசு எனக்குத் தேவைப்பட்டது.

கரையில் நின்று பேசினோம். அவள் மறைக்கவில்லை, இனி மறைக்க என்ன இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. பையன் தோட்டத்தைப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டான். கோயமுத்தூர் ஆட்கள் குளத்தையும் சுற்றியுள்ள சரிவையும் குத்தகைக்குக் கேட்டார்கள், அவள் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். படகும் அதோடு சேர்ந்து போயிற்று. இதில் எதையும் நான் தப்பென்று சொல்லவில்லை. அவர்கள் நிலம், அவர்கள் கஷ்டம்.

"எப்பத்துல இருந்து இந்தப் பேச்சு?" என்று கேட்டேன்.

அவள் காலால் ஒரு கல்லைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.

"கொச்சிக்குப் போனமே, அப்பவே தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே பேச்சு இருந்துச்சு புள்ள. ஆவுமா ஆவாதான்னு இருந்துச்சு. படகு இருந்தா நல்லாருக்கும்னு அவங்க சொன்னாங்க. எனக்குப் படகப் பத்தி என்ன தெரியும்? நீதான் எந்நேரமும் அதையே நெனச்சுட்டிருந்தே. ரெண்டுக்கும் ஆகட்டும்னுதான் நெனச்சேன். உனக்கும் ஆசை தீந்த மாதிரி இருக்கும்னு."

நாலு பேர் பலகையும் ஆரஞ்சு நிறமும் குழந்தைகள் ஜாக்கெட்டும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. நான் பச்சைப் படகை விட்டுக்கொடுத்தது அவள் பயத்துக்காக அல்ல, முகம் தெரியாத விருந்தாளிகளுக்காக. இத்தனை நாளும் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள். நானோ குளிர்ச்சியாக இருக்கிறது என்று குனிந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சண்டை போடுவே. படகே வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிருப்பே. உன்ற பாதிய வேணாத் திருப்பித் தரச் சொல்றேன்."

என் பாதி. எதில் பாதி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். வாராவாரம் எனக்கு எதிரே இருந்த அதே முகம். காட்டெருமையை எனக்காகப் பார்த்துச் சொன்ன அதே கண். என்னால் அதை வெறுக்க முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அது எவ்வளவு கேவலமான நிலை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவளே, "இப்ப விருந்தாளி ஒருத்தரும் இல்லே. வா, ஒரு சுத்து போலாம். கோவத்த அப்பறம் வெச்சுக்க" என்றாள். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அவள் இப்படித்தான் முடித்துவைப்பாள். எப்போதும் நான் இளகிவிடுவேன்.

வளையல் பொட்டலத்தைக் கரையில் வைத்துவிட்டு ஏறினேன். ஏறி, நடுப்பலகையைத் தாண்டிப் போய்ப் பின்பலகையில் உட்கார்ந்தேன்.

"நீ போடு" என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு உட்கார்ந்து துடுப்புகளைப் பிடித்தாள். ஒன்று தண்ணீரில் விழுந்தது, மற்றது காற்றில் சுற்றியது. என்மேல் தண்ணீர் தெறித்தது. பழகாத கை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. "ஃபேக்டரிப் பக்கம்" என்றேன். இழுத்தாள். "இப்ப நேரே" என்றேன். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்து லேசாகச் சிரித்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நான் அவளை வளைவுக்குக் கொண்டுபோனேன். அவள் அங்கே திருப்பப் பார்த்தாள். "போ" என்றேன். போனாள்.

அந்தப் பக்கத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சரிவில் செடிகளைப் பிடுங்கிவிட்டு வரிசையாகக் கண்ணாடி வைத்த குடில்கள் கட்டியிருந்தார்கள். பலகைகளில் ஈரம் படிந்து கறுத்திருந்தது, சுவர் ஓரமெல்லாம் பாசி. அது ஒரு சீசனில் எழும்பிய கட்டடம் அல்ல. நாங்கள் இந்தப் பக்கம் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே அங்கே கொத்தனார் வேலை நடந்திருக்கிறது. குடில்களிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற சிமெண்ட் படிகள் எங்களுக்கு நேர் எதிரே இருந்தன. தண்ணீர் தெளிவாக, ஆழமாக இருந்தது. கொடி இல்லை. சேறு எங்குமே இல்லை.

அவளுக்கு இதெல்லாம் முதுகுக்குப் பின்னால். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.

"எந்தப் பக்கம் புள்ள?" என்றாள். "ஃபேக்டரியா, சோலையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். "ஏய், சொல்லு" என்றாள். படிகள் நெருங்கி வந்தன. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

படகின் மூக்கு சிமெண்டில் மோதியது. பெரிய மோதல் இல்லை. ஆனால் அவள் கையிலிருந்து துடுப்பு நழுவியது, பின்புறமாகச் சாய்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் படிகளைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பாத்துக்கிட்டுத்தான இருந்தே?" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அதைக் கேட்பதற்காகத்தான் நான் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தேன். அதிலும் அவள் முந்திக்கொண்டாள்.